‘மும்பைக்கு டிக்கெட் போட்டாச்சு...’ எந்த மும்பை ஏர்போர்ட்டுக்கு? தாம்பரம்வாசிகள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆவடிக்காரர்களும் மாதவரம்காரர்களும் பெருமூச்சு விடும் வசதி அது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம்... நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். இறங்கி, ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் போனால் விமான நிலையம். பெரிய பெட்டி இல்லாதவர்கள் ஐந்து ரூபாய் ரயில் டிக்கெட்டில் ஃப்ளைட் பிடிக்கப் போய்விடலாம். பொழிச்சலூர் பக்கம் மொட்டை மாடியில் வடகம் காயவைப்பவர்களுக்கு, தலைக்கு மேலே இறங்கும் விமானத்தின் பெயரைப் படிப்பதுகூட பழகிப்போன பொழுதுபோக்கு.

இத்தனை பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு ஊறிவிட்டது. ஓர் ஊர் என்றால் ஓர் ஏர்போர்ட். ஊர் பெயரைத் தட்டினால் போதும், மற்றதெல்லாம் ஒன்றுதான்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். குரோம்பேட்டையில் ஓய்வுபெற்ற தம்பதி. மகள் நவி மும்பை நெருலில் குடியிருக்கிறாள். பேரனின் முதல் பிறந்தநாள் வருகிறது. அம்மாவே மொபைலில் டிக்கெட் போட்டுவிட்டு, சந்தோஷமாக மகளுக்கு போன் செய்கிறார்.

‘‘டிக்கெட் போட்டாச்சுடி. ஆளுக்கு 600 ரூபா கம்மியா கிடைச்சுது!’’

‘‘சூப்பர்மா. எந்த ஏர்போர்ட்?’’

‘‘மும்பை ஏர்போர்ட்தான். வேற எது?’’

மறுமுனையில் ஒரு நொடி மௌனம். ‘‘அம்மா... மும்பையில இப்போ ரெண்டு இருக்கு.’’

அந்த ஒரு நொடி மௌனத்துக்கு எவ்வளவு விலை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஒரே ஊர்... இரண்டு வாசல்!

பல வருடங்களாக மும்பைக்கு ஒரே விமான நிலையம்தான். அந்தேரி, சாந்தாகுரூஸ் பக்கம் இருக்கும் சத்ரபதி சிவாஜி மகராஜ் சர்வதேச விமான நிலையம். டிக்கெட்டில் பி.ஓ.எம். என்ற மூன்றெழுத்துக் குறியீட்டோடு வருவது இதுதான்.

2025 அக்டோபர் 8-ம் தேதி பிரதமர் மோடி இன்னொரு விமான நிலையத்தைத் திறந்துவைத்தார். பன்வேல், உல்வே பகுதியில் கட்டப்பட்ட நவி மும்பை சர்வதேச விமான நிலையம். அதே ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி பயணிகள் விமானங்கள் பறக்கத் தொடங்கின. இதன் குறியீடு என்.எம்.ஐ. முதல் கட்டத்திலேயே வருடத்துக்கு 2 கோடி பயணிகளைக் கையாளும் அளவுக்குக் கட்டப்பட்டிருக்கிறது.

டிக்கெட் ஆப்களில் ‘மும்பை’ என்று தட்டினால் இரண்டு நிலையங்களுக்குப் போகும் விமானங்களும் கலந்து வரலாம். விலை குறைவானது மேலே நிற்கும். கண் விலைக்குத்தான் போகும், அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்துக்குப் போகாது. தவறு நடப்பது அந்த இடத்தில்தான்.

இரண்டில் எது நல்லது? இந்தக் கேள்விக்கு, போய்ச் சேர வேண்டிய வீடு எங்கே இருக்கிறது என்பதுதான் பதில். மாட்டுங்கா, தாராவி, சயான், செம்பூர் என்று தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதிகளுக்கு பழைய ஏர்போர்ட்தான் பக்கம். நெருல், பேலாப்பூர், கார்கர், பன்வேல் பக்கம் போகிறவர்களுக்கு புதியது. புனே போகிறவர்களுக்கும் புதியது கைகொடுக்கும். மும்பை - புனே எக்ஸ்பிரஸ் சாலை தொடங்குவதே பன்வேல் பக்கம்தான். தென் மும்பைக்குப் போகிறவர்கள் இரண்டையும் ஒப்பிட வேண்டும். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட, கடல் மேல் செல்லும் 21.8 கிலோமீட்டர் அடல் சேது பாலம் நவி மும்பையை சிவ்ரியோடு இணைக்கிறது. ஆனால், அந்தப் பாலத்துக்கு சுங்கக் கட்டணம் உண்டு. பழைய ஏர்போர்ட்டிலிருந்தோ, 2025 அக்டோபர் முதல் கஃப் பரேட் வரை ஓடும் மெட்ரோ 3-ம் வழித்தடம் இருக்கிறது. சிக்னல் இல்லை, டிராஃபிக் இல்லை.

600 ரூபாய் மிச்சம்... நிஜமாகவா?

குரோம்பேட்டை அம்மாவின் கணக்குக்கு வருவோம். பழைய ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் ஆளுக்கு 600 ரூபாய் குறைவு. இரண்டு பேருக்கு 1,200 ரூபாய் மிச்சம். அங்கிருந்து நெருலுக்கு கேப் பிடித்தால், நவி மும்பை ஏர்போர்ட்டிலிருந்து வருவதைவிட 700 ரூபாய் கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 500 ரூபாய் லாபம்தான். அம்மா போட்டது தப்புக் கணக்கு இல்லை!

இதே டிக்கெட்டை அப்பா மட்டும் தனியாகப் போட்டிருந்தால்? மிச்சம் 600, கூடுதல் செலவு 700. நூறு ரூபாய் நஷ்டம். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால்? மிச்சம் 2,400, கேப் செலவு அதே 700. நல்ல லாபம்.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். டிக்கெட் விலை தலைக்கு ஒன்று, கேப் விலை வண்டிக்கு ஒன்று. தனியாகப் போகிறவருக்கு வீட்டுக்குப் பக்கத்து ஏர்போர்ட் லாபம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு தூரத்து ஏர்போர்ட்டும் கட்டுப்படியாகலாம். பக்கத்து வீட்டுக்காரர் ‘அங்கதான் இறங்குங்க, சீப்’ என்று சொன்னால், அவர் எத்தனை பேரோடு போனார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அது நேரம். அந்தேரியிலிருந்து மாலை நேர நெரிசலில் நகரத்தைக் கடந்து வாஷி பாலம் ஏறுவது என்பது, ஜி.எஸ்.டி. சாலையில் பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூரைக் கடப்பது போன்ற அனுபவம். கையில் குழந்தையோடும் மூட்டுவலியோடும் அப்படி உட்கார்ந்திருக்க, 500 ரூபாய் லாபம் போதுமா? அதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பக்கத்து ஏர்போர்ட்டே எப்போதும் சரியா?

‘அப்போ வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையே எடுத்துவிடலாம்’ என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. புதிய, சிறிய விமான நிலையங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. விமானங்களின் எண்ணிக்கை குறைவு.

பழைய பெரிய நிலையத்துக்கு ஒரே நாளில் பல விமானங்கள் இருக்கும். ஒன்று ரத்தானால், அன்றைக்கே அடுத்ததில் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. நாளைக்கு ஒரே ஒரு விமானம் போகும் நிலையத்தில், அது ரத்தானால் மறுநாள் வரை காத்திருப்புதான். கல்யாண முகூர்த்தம், நேர்முகத் தேர்வு, மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் என்று தேதி மாற்ற முடியாத காரியத்துக்குப் போகிறவர்கள், அதிக விமானங்கள் உள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

இறங்கும் நேரமும் முக்கியம். மும்பையின் லோக்கல் ரயில்கள் நள்ளிரவுக்குப் பிறகு சில மணி நேரம் ஓடாது. பகலில் பத்து வழி இருக்கும் ஏர்போர்ட்டுக்கு, இரவு ஒரு மணிக்கு ஒரே வழிதான் இருக்கும். அது கேப் டிரைவர் சொல்லும் விலை. வயதானவர்கள் தனியாக இறங்குகிறார்கள் என்றால், விலையைவிட இறங்கும் நேரத்தை முதலில் பாருங்கள்.

டெல்லியில் எந்தப் பக்கம்?

டெல்லி என்றாலே இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். குறியீடு டி.இ.எல். ஆர்.கே.புரம், முனிர்கா, கரோல் பாக் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதுதான் வசதி. 2011 முதல் ஓடும் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோவில் ஏறினால் சுமார் 20 நிமிடங்களில் புதுடெல்லி ரயில் நிலையம்.

ஆனால், காசியாபாத், இந்திராபுரம், கிழக்கு டெல்லி பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. காசியாபாத்தில் உள்ள ஹிண்டன் விமான நிலையம். குறியீடு எச்.டி.ஓ. விமானப்படை தளத்தை ஒட்டிய இந்தச் சிறிய நிலையத்தில் 2019-ல் சின்ன விமானங்கள் பறக்க ஆரம்பித்தன. 2025-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ என்று பெரிய நிறுவனங்களும் வந்தன. இரண்டும் சென்னையைத் தங்கள் பட்டியலில் சேர்த்தன. மயூர் விஹாரில் மகன் வீட்டுக்குப் போகும் பெற்றோர் இரண்டையும் வரைபடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

டெல்லி வட்டாரத்தின் அடுத்த பெயர் ஜேவர். யமுனா எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டி, 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட நொய்டா சர்வதேச விமான நிலையம் இங்கேதான் இருக்கிறது. கிரேட்டர் நொய்டா, மதுரா, ஆக்ரா போகிறவர்களுக்குப் பொருத்தமான இடம். ஆனால், பெயரில் உள்ள ‘நொய்டா’வை நம்பி, மத்திய டெல்லிக்குப் போகிறவர் இங்கே இறங்கினால், விமானத்தில் வந்த களைப்பு தீர்வதற்குள் இன்னொரு நீண்ட சாலைப் பயணம் காத்திருக்கும்.

கோவாவிலும் இதே கதைதான். பல்லாவரத்து கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் திட்டம் போடும்போதே ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும். வடக்கா, தெற்கா? ஆரம்போல், மோர்ஜிம், அஞ்சுனா என்றால் 2023 ஜனவரி முதல் இயங்கும் மோபா. குறியீடு ஜி.ஓ.எக்ஸ். மட்காவ், கோல்வா, பாலோலெம் என்றால் பழைய டாபோலிம். குறியீடு ஜி.ஓ.ஐ. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். கவனிக்காமல் விட்டால், மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு டாக்ஸி பிடிக்க வேண்டியிருக்கும். கோவா டாக்ஸி கட்டணம் எப்படி இருக்கும் என்பதை, போய் வந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு நமக்குப் புதுசா என்ன?

யோசித்துப் பார்த்தால், தாம்பரம் பக்கம் குடியேறிய தென் மாவட்டத்துக்காரர்கள் இந்தக் கணக்கை எப்போதோ போட ஆரம்பித்துவிட்டார்கள். நாகர்கோவிலுக்குப் போகிறவர் திருவனந்தபுரத்தில் இறங்குவார். திருநெல்வேலிக்காரர் தூத்துக்குடி வாகைக்குளத்தைப் பார்ப்பார். டிக்கெட் இல்லை அல்லது விலை எகிறிவிட்டது என்றால் மதுரையில் இறங்கி பஸ் பிடிப்பார். காரைக்குடிக்காரருக்கு திருச்சியா, மதுரையா என்பது தீபாவளிக்குத் தீபாவளி வரும் கேள்வி. தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னும் ஒரு நல்ல செய்தி.

இவர்கள் யாரும் ஊர் பெயரைப் பார்த்து டிக்கெட் போடுவதில்லை. ‘அங்கிருந்து நம்ம வீட்டுக்கு என்ன பஸ் இருக்கு?’ என்றுதான் யோசிக்கிறார்கள். சொந்த ஊருக்குப் போகும்போது இருக்கும் இந்தத் தெளிவு, மும்பைக்கும் லண்டனுக்கும் போகும்போது காணாமல் போய்விடுகிறது. காரணம் எளிது. சொந்த ஊரின் பாதை நமக்குத் தெரியும், அந்த ஊர்களின் பாதை தெரியாது. அதைத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. நாம் யார் வீட்டுக்குப் போகிறோமோ, அவர்.

கடல் தாண்டினால் கேள்வியும் பெரிசு!

லண்டன் என்ற பெயரோடு ஆறு விமான நிலையங்கள் இருக்கின்றன. ஹீத்ரூ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட். சென்னையிலிருந்து நேராகப் போகும் விமானம் ஹீத்ரூவில் இறங்கும். வெம்ப்ளி, ஹாரோ, சவுத்ஹால் பக்கம் போகிறவர்களுக்கு அதுவே பக்கம். கிராய்டனில் உறவினர் இருந்தால், துபாய் வழியாக கேட்விக்கில் இறங்குவதையும் யோசிக்கலாம். அங்கிருந்து ஈஸ்ட் கிராய்டனுக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். நேர் விமானமே எப்போதும் சுலபம் என்று சொல்ல முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

நியூயார்க்குக்கு மூன்று நிலையங்கள். ஜே.எஃப்.கே., லா கார்டியா, நெவார்க். இதில் நெவார்க் இருப்பது பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில். நம்மவர்கள் அதிகம் வாழும் எடிசன், ஜெர்சி சிட்டி எல்லாமும் அதே நியூ ஜெர்சியில்தான். ‘பையன் நியூயார்க்கில் இருக்கான்’ என்று நாம் சொல்வோம், பையனின் வீடு எடிசனில் இருக்கும். ஜே.எஃப்.கே.வில் இறக்கிவிட்டால், அவர் நியூயார்க் நகரத்தையே கடந்து, பாலங்களுக்குச் சுங்கம் கட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போக வேண்டும்.

பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என இரண்டு. பெரிய விமான நிறுவனங்கள் பெரும்பாலும் சுவர்ணபூமிக்குப் போகின்றன. ஏர் ஏசியா போன்ற மலிவு விலை நிறுவனங்களுக்கு டான் முவாங் தளமாக இருக்கிறது. டான் முவாங்கின் குறியீடு, தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்கவே முடியாதது... டி.எம்.கே!

துபாய் போகிறவர்கள் ஷார்ஜாவுக்கும் விலை பார்ப்பது வழக்கம். இரண்டும் ஒட்டிய ஊர்கள்தான். ஆனால், வேலை முடிந்து திரும்பும் மாலை நேரத்தில் அந்த இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள சாலையில் சிக்கியவர்கள், ‘ஒட்டிய ஊர்’ என்ற வார்த்தையை மறுபடி பயன்படுத்த மாட்டார்கள்.

பக்கத்தில் இருக்கும் இலங்கைக்கும் இது பொருந்தும். யாழ்ப்பாணம் போக வேண்டியவர் கொழும்புக்கு டிக்கெட் போட்டால், இறங்கியபின் சுமார் 400 கிலோமீட்டர் தரைப் பயணம். சென்னையிலிருந்து பலாலியில் உள்ள யாழ்ப்பாண விமான நிலையத்துக்கு 2022 டிசம்பரில் மீண்டும் விமானம் பறக்கத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

ஐரோப்பாவில் பெயரை மட்டும் நம்புவது இன்னும் ஆபத்து. ‘ஃபிராங்க்ஃபர்ட் ஹான்’ என்ற விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தாம்பரத்திலிருந்து திண்டிவனத்தையும் தாண்டிப் போய் இறங்கிவிட்டு, ‘தாம்பரம் வந்துட்டேன்’ என்று சொல்வதைப் போல!

ஓர் ஏர்போர்ட்டில் இறங்கி, இன்னொன்றில் ஏறினால்...

பணம் போனால் போகட்டும் என்று விடலாம். பயணமே நின்றுபோகும் ஆபத்து ஒன்று இருக்கிறது. அது, மாறிச் செல்லும் விமானம்.

விலை குறைவு என்பதற்காக இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளைப் போடுகிறவர்கள் உண்டு. சென்னையிலிருந்து ஹிண்டனுக்கு ஒன்று, இந்திரா காந்தி நிலையத்திலிருந்து வெளிநாட்டுக்கு இன்னொன்று. காகிதத்தில் இரண்டுமே ‘டெல்லி’. நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறதே என்று தோன்றும். விமானத்தை விட்டு இறங்கி, பெட்டிக்குக் காத்திருந்து, டெல்லி நெரிசலில் நகரத்தைக் கடந்து, மறுபடி வரிசையில் நின்று, பாதுகாப்புச் சோதனை முடித்து... அந்த மூன்று மணி நேரம் காணாமலே போய்விடும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், தனித்தனி டிக்கெட் என்பதால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களை ஏற்றிவிடும் பொறுப்பு கிடையாது. ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆரில் இருந்தால், அடுத்த விமானத்தில் அனுப்பிவைப்பது நிறுவனத்தின் வேலையாகிவிடும்.

வெளிநாட்டில் இது விசா பிரச்னையாகவும் மாறும். லண்டனில் ஹீத்ரூவில் இறங்கி கேட்விக்கில் ஏற வேண்டும் என்றால், நடுவில் குடியேற்றச் சோதனையைக் கடந்து அந்த நாட்டுக்குள் கால் வைத்தாக வேண்டும். ‘நான் சும்மா மாறித்தானே போறேன்’ என்பது அங்கே எடுபடாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அதற்கு எந்த விசா வேண்டும் என்பதை, பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். விசா இல்லையென்றால், லண்டன் வரை போக வேண்டியதே இல்லை, மீனம்பாக்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

பணம் கட்டும் முன் ஐந்து நிமிடம்...

* ஊர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் படியுங்கள். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என மாறியிருக்கலாம். வந்து இறங்கிய ஏர்போர்ட்டுக்கே பழக்கத்தில் திரும்பப் போய் நிற்பது எளிதில் நடக்கும் தவறு.

* போய்ச் சேர வேண்டிய வீட்டின் முகவரியை வரைபட ஆப்பில் போட்டு, இரண்டு ஏர்போர்ட்களிலிருந்தும் தூரத்தைப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் சாலை காலியாகத்தான் காட்டும். நீங்கள் இறங்கும் நேரத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

* டிக்கெட் வித்தியாசத்தைத் தலை எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதிலிருந்து கேப், சுங்கச் செலவைக் கழியுங்கள். பயன்பாட்டுக் கட்டணமும் நிலையத்துக்கு நிலையம் மாறும் என்பதால், வரி, கட்டணமெல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

* அன்றைக்கு அந்த நிலையத்துக்கு வேறு எத்தனை விமானங்கள் என்று பாருங்கள். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் விமான அட்டவணைகள் மாறும். போன முறை இருந்த விமானம் இந்த முறை இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

* டெர்மினலையும் பாருங்கள். மும்பை பழைய ஏர்போர்ட்டில் டி1 ஒரு பக்கம், டி2 இன்னொரு பக்கம், நடுவில் சாலைப் பயணம். நம் சென்னையிலேயே உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என இரண்டு முனையங்களிலிருந்து கிளம்புகின்றன. வெளிநாட்டுக்கு டி2.

* எல்லாவற்றுக்கும் மேலாக, யார் வீட்டுக்குப் போகிறீர்களோ அவருக்கு ஒரு போன். டிக்கெட் போட்ட பிறகு அல்ல, போடும் முன்!

நாளை நம் வீட்டு வாசலுக்கும்...

இதுவரை இது, போய் இறங்கும் ஊரின் பிரச்னை. நம் ஊரில் மீனம்பாக்கம் ஒன்றுதான் என்ற நிம்மதி இருக்கிறது. அதுவும் மாறப்போகிறது.

காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் கிடைத்தது. வீடும் வயலும் ஏரியும் போய்விடும் என்று ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடிவருகிறார்கள். மீனம்பாக்கம், பரந்தூர் இரண்டும் சேர்ந்தே இயங்கும் என்பதுதான் அரசுத் தரப்பில் சொல்லப்பட்டுவருவது.

இந்த ‘இரண்டும்’ என்ற வார்த்தையில்தான் தென் சென்னைக்காரர்களின் வசதி அடங்கியிருக்கிறது. 2008-ல் ஐதராபாத்தில் ஷம்ஷாபாத் திறந்தபோது பேகம்பேட்டையிலும், பெங்களூருவில் தேவனஹள்ளி திறந்தபோது பழைய எச்.ஏ.எல். நிலையத்திலும் வழக்கமான பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. அந்த ஊர் மக்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. மும்பையிலும் கோவாவிலும் பழையதும் புதியதும் சேர்ந்து இயங்குகின்றன.

மூன்றாவதாக ஒரு பாடம் கனடாவில் இருக்கிறது. மான்ட்ரியல் நகரத்துக்கு வெளியே ஏராளமான விவசாய நிலங்களைக் கையகப்படுத்தி, 1975-ல் மிராபெல் என்ற பிரமாண்ட விமான நிலையத்தைத் திறந்தார்கள். வெளிநாட்டு விமானங்களை அங்கே அனுப்பினார்கள். நகரத்துக்கு ஒட்டிய பழைய டோர்வால் நிலையமும் இயங்கியது. நகரத்திலிருந்து மிராபெலுக்குத் திட்டமிட்ட ரயில் பாதை வரவே இல்லை. பயணிகள் பழையதையே விரும்பினார்கள். 2004-ல் மிராபெலிலிருந்து கடைசிப் பயணிகள் விமானம் கிளம்பியது. அந்த முனையம் பின்னர் இடிக்கப்பட்டது. நிலம் கொடுத்த விவசாயிகளுக்கு, எதற்காகக் கொடுத்தோம் என்ற கேள்விதான் மிஞ்சியது.

தாம்பரத்திலிருந்து பரந்தூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோவை நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வழியாக கிளாம்பாக்கம் வரை சுமார் 15.5 கிலோமீட்டருக்கு இன்னொரு மெட்ரோ திட்டமும் இருக்கிறது. எது எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சேலையூர், மாடம்பாக்கம், வண்டலூர்க்காரர்கள் எந்த ஏர்போர்ட்டைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது அமையும்.

அந்த நாள் வரும்போது போன் பேச்சு அப்படியே திரும்பும். நெருலிலிருந்து பேரன் அம்மாவோடு தாத்தா, பாட்டியைப் பார்க்கக் கிளம்புவான். ‘‘டிக்கெட் போட்டாச்சும்மா, 600 ரூபா கம்மி’’ என்பாள் மகள். இந்த முறை குரோம்பேட்டையிலிருந்து கேள்வி வரும்.

‘‘நல்லதுடி. திரிசூலத்துலயா, பரந்தூர்லயா?’’